வெயில் இருந்தும், பால் இருந்தும்

உலகில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நாடுகளை வரிசைப்படுத்தினால் சவூதி அரேபியா, குவைத், ஜோர்தான் முதலியவை முன்னால் நிற்கும். வெயில் தோலில் படுவதால் உடம்பிலே உருவாகும் விற்றமின் டி மிகக் குறைந்திருக்கும் பெண்களைத் தேடிப்போனாலும் அதே நாடுகளுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளாக அந்த நாடுகளின் மருத்துவ ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வெயில் குறைந்த வட ஐரோப்பாவில் வாழும் பெண்களைவிட, பாலைவன வெயிலின் நடுவே வாழும் பெண்களின் இரத்தத்தில் அந்தச் சத்து குறைவாக இருக்கிறது. இது யாரோ தூரத்து மனிதரின் வினோதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இலங்கை மலையகத்து நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இதற்கு நேர் இணையான இன்னொரு முரண் இருக்கிறது. அங்கே வெயில் பெண்ணின் எலும்பை எட்டவில்லை. இங்கே பால் எட்டவில்லை. ஓர் ஊரில் ஒரு பொருள் நிறைந்திருப்பது வேறு, அது அந்த ஊர்ப் பெண்ணின் உடம்பில் சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்த்தால்தான், ஐம்பது வயதுக்குமேல் பெண்களுக்கு வரும் கூனும் இடுப்பு முறிவும் முதுமையின் தலைவிதி அல்ல என்பது விளங்கும்.

எலும்பு, பார்ப்பதற்கு அசையாத கட்டைபோல இருந்தாலும், வாழ்நாள் முழுவதும் கரைந்தும் கட்டப்பட்டும் வரும் உயிருள்ள திசு. அதைக் கட்டுவதற்கான சரக்கு கல்சியமும் பொஸ்பரசும் புரதமும். சாப்பாட்டிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள விற்றமின் டி வேண்டும். கட்டிய எலும்பு உறுதிப்பட நடையும் உழைப்பும் தரும் பாரம் வேண்டும். கரைவது கட்டுப்பாட்டில் இருக்கப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் வேண்டும். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இதயமும் தசையும் இயங்க முடியாது. ஆகவே உணவிலிருந்து வராத கல்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வளர்ந்த பெண்ணின் எலும்பிலுள்ள கனிமத்தில் கால்பங்குக்கு மேல், பூப்படையும் காலத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. இருபத்தைந்து, முப்பது வயதோடு சேர்ப்பு ஏறக்குறைய முடிந்துவிடும். மாதவிடாய் நின்றபின் முதல் சில ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி ஆண்டுக்கு 2 அல்லது 3 வீதம்கூடக் குறையலாம். மழைக்காலத்துக்கு முன்னே விறகு அடுக்கி வைக்காத வீட்டில் மழை தொடங்கியபின் அடுப்பு எரிப்பது எவ்வளவு பாடோ, அவ்வளவு பாடு இளமையில் சேர்க்காத எலும்பை அறுபதில் காப்பாற்றுவது.

அரபு நாடுகளில் வழி எங்கே அடைபட்டது? விற்றமின் டி உருவாக, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி நேரடியாகத் தோலில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கோடையில் 45 பாகை வெப்பத்தில் யாரும் விரும்பி வெளியே நிற்பதில்லை. குளிரூட்டிய வீட்டிலிருந்து குளிரூட்டிய காருக்கும் அங்கிருந்து குளிரூட்டிய கடைக்கும் போவதே நகர வாழ்க்கையாகிவிட்டது. நடுவிலே முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் பெண்கள் அயலார் கண்படாமல் வெயிலில் இருக்க முடிந்தது. அடுக்குமாடி அந்த முற்றத்தை எடுத்துவிட்டது. அடுத்தடுத்து வரும் பிரசவங்கள், இயற்கையிலேயே விற்றமின் டி அதிகமில்லாத சாப்பாடு, அந்தச் சத்தைக் கொழுப்பிலே அடக்கிவைத்துக்கொள்ளும் உடற்பருமன் ஆகியவையும் சேர்ந்தன. எண்ணெய் வளம் கொழித்த ஒரு தலைமுறைக் காலத்துக்குள் வீடும் தெருவும் வேலையும் மாறின. அந்த மாற்றம் பெண்ணின் எலும்புக்கு என்ன செய்யும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் பலரும் அவசரப்பட்டு உடையைக் குற்றவாளியாக்கி விடுகிறார்கள். உடை ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஜோர்தானில் இளம் பெண்களிடம் நடந்த, 2001 இல் வெளியான ஆய்வு, உடலை எவ்வளவு மூடுகிறார்களோ அவ்வளவுக்கு விற்றமின் டி குறைந்து போவதைக் கண்டது. ஆனால் அதே ஆய்வில் மேற்கத்திய உடை அணிந்த பெண்களிடமும் குறைபாடு பரவலாக இருந்தது. அரபு நாடுகளின் ஆண்களிடமும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடமும்கூட அது காணப்படுகிறது. உடையை மட்டும் மாற்றினால் தீர்ந்துவிடும் நோய் இதுவல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மேலும், ஒரு பெண் தன் நம்பிக்கையின்படி உடுத்துவதையும் தன் எலும்பைக் காப்பதையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. பின்லாந்துக்கு வருடத்தில் பாதி நாள் பயனுள்ள வெயிலே கிடையாது. அவர்கள் 2003 முதல் பாலிலும் மாஜரினிலும் விற்றமின் டி சேர்த்து, 2010 இல் அந்த அளவை இரட்டிப்பாக்கி, நாடு தழுவிய குறைபாட்டைப் பெருமளவு ஒழித்தார்கள். வெயில் எட்டாத இடத்துக்கு உணவின் வழியே சத்தை அனுப்பலாம். அதற்கு வேண்டியது ஏற்பாடு.

சரி, வெயில் கொட்டும் நம் நாட்டில் நிலைமை என்ன? இதற்குக் கண்டியிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தென்னக்கோனும் நோர்வே ஆய்வாளர்களும் சேர்ந்து, கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒஸ்லோவுக்குப் போனவர்களின் சராசரி விற்றமின் டி அளவு லீற்றருக்கு 32 நானோமோல் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கண்டியில் இருந்தவர்களுடையது 54 அளவில் இருந்தது. இருண்ட நாட்டுக்குப் போனால் குறையும் என்பதில் வியப்பில்லை. வியக்க வேண்டியது இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான். 50 என்பது போதுமானது என்று பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை தள்ளி, ஆண்டு முழுவதும் நடுப்பகலில் சூரியன் உயர நிற்கும் ஊரில், சராசரியே அந்த எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது என்றால், கணிசமானோர் அதற்குக் கீழே இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? கடலோரக் காலியில் 20 முதல் 40 வயதுவரையான ஆரோக்கியமான பெண்களிடம் ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வும் பாதிக்கு மேற்பட்டோரிடம் குறைபாட்டைக் கண்டது. இலங்கையருக்கு விற்றமின் டி குறைபாடு வராது என்ற நம்பிக்கை இந்த எண்களின் முன்னால் நிற்காது.

நாவலப்பிட்டிக்கு வந்தால் வெயில் என்பதே வேறு கணக்கு. தென்மேல் பருவக்காற்று மோதும் மலைச்சரிவு இது. பக்கத்திலுள்ள வட்டவளை, நாட்டிலேயே மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் வானம் மூடியே கிடக்கும். நகரத்துக்குள் கடைவீதியை ஒட்டி, ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய வீடுகளில் வாழும் பெண்கள் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் சிங்களவரானாலும், சூரியன் உச்சத்தில் நிற்கும் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை பெரும்பாலும் அடுப்படியிலோ கடையிலோ அலுவலகத்திலோ இருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டு வரும் நேரத்து வெயில் கண்ணுக்கு இதமானது. எலும்புக்குப் பெரிதாக உதவாது. அந்தப் பெண்களில் கொஞ்சம் வசதியுள்ளோர் வீட்டில் பால்மா இருக்கும், மீன் இருக்கும். ஆகவே அவர்களுடைய குறை, அரபு நகரப் பெண்களின் குறையை ஒத்தது: கட்டடத்துக்குள் கழியும் நாள்.

நகரத்தைவிட்டுத் தொலஸ்பாகைப் பக்கமோ கொத்மலைப் பக்கமோ ஏறினால் கணக்குத் தலைகீழாகிறது. கொழுந்தெடுக்கும் பெண் காலை முதல் மாலைவரை வானத்தின் கீழேதான் நிற்கிறாள். மூடுபனியும் மழைப் படங்கும் போக, முகத்திலும் கையிலும் விழும் வெளிச்சம் நகரத்துப் பெண்ணுக்குக் கிடைப்பதைவிட அதிகம். சரிவில் ஏறி இறங்குவதும் கூடை சுமப்பதும் எலும்புக்கு வேண்டிய பாரத்தையும் தருகின்றன. இல்லாதது, கட்டுவதற்கான சரக்கு. இதில் வேதனையான பகுதி என்னவென்றால், அந்தச் சரக்கு அவள் வீட்டு வாசலிலிருந்துதான் புறப்பட்டுப் போகிறது. மலையகத் தோட்டங்களில் பல குடும்பங்கள் லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ மாடு வளர்க்கின்றன. காலையில் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து மில்கோவுக்கோ நெஸ்லேக்கோ கொத்மலை என்ற பெயரிலேயே விற்கும் நிறுவனத்துக்கோ போகிறது. வீட்டுக்குத் திரும்பி வருவது மாதக் கடைசியில் பால் காசு. அந்தக் காசு கடன் கட்டவும் பள்ளிச் செலவுக்கும் போக, கறந்தவள் குடிப்பது பிளேன்டீ. பாலைவனத்தில் வெயில் வீணாவது போலத்தான் பால் சுரக்கும் மலையில் பால் கைமாறிப் போவதும்.

அவளுடைய ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கால் கிலோ கோதுமை மாவில் சுட்ட ரொட்டியில் கல்சியம் 50 மில்லிகிராம் தேறும். ஒரு வேளைச் சோற்றில் 15. பருப்புக்கறியில் 25. காய்கறி, கீரை கொஞ்சம் இருந்தால் 60 அல்லது 70. பால்மா கலந்த தேத்தண்ணீர் இரண்டு தடவை குடித்தால், இரண்டு தேக்கரண்டித் தூளின் கணக்கில் 90. எல்லாம் சேர்த்தாலும் 250 ஐத் தாண்டுவது கஷ்டம். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமும் மாதவிடாய் நின்றபின் 1300 உம் வேண்டும் என்கின்றன. அந்த அளவு நம்மவருக்குச் சற்று அதிகம் என்று பாதியாகக் குறைத்தாலும்கூட இந்தச் சாப்பாடு அதிலும் பாதிதான். அந்தப் பால்மாவும் எத்தனை நாளைக்கு? 2021 இன் நடுவில் 380 ரூபாய்க்கு விற்ற 400 கிராம் பால்மா பக்கற் 2022 மார்ச்சில் 790 ரூபாயானது. அப்போது முதலில் மறைந்தது பெரியவர்களின் தேத்தண்ணீரிலிருந்த பால். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். உயரம் என்பது எலும்பு நீள்வது. குழந்தைப் பருவத்திலேயே பின்தங்கிய எலும்புதான் பின்னாளில் கூடையைச் சுமக்கிறது, பிள்ளையையும் சுமக்கிறது.

வயிற்றிலிருக்கும் சிசு பிறக்கும்வரை தாயிடமிருந்து ஏறத்தாழ 30 கிராம் கல்சியம் எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில். பாலூட்டும்போது நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகிறது. நல்ல சாப்பாடு உள்ள தாய், பால் மறக்கடித்த சில மாதங்களில் இழந்ததை மீட்டுவிடுவாள். பிரசவங்களுக்கு நடுவே இடைவெளியும் சாப்பாடும் குறைந்தவளுக்கு அந்த மீட்சி முழுமையாகக் கிடைக்காமற் போகலாம். நமது கர்ப்பிணிக் கிளினிக்குகளில் இரும்புச்சத்து, போலிக் அமிலத்தோடு கல்சியம் லக்டேற் மாத்திரையும் திரிபோஷா என்ற சத்துமாவும் கொடுக்கிறார்கள். இது போற்ற வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேற் மாத்திரை ஒன்றில் எலும்புக்குப் போகக்கூடிய கல்சியம் 40 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. மீதி லக்டேற்றும் நீரும். கல்சியம் குறைவாகச் சாப்பிடும் மக்களிடையே கர்ப்பிணிகளுக்கு, இரத்த அழுத்தத்தால் வரும் ஆபத்தைத் தடுக்க, நாளுக்கு 1500 முதல் 2000 மில்லிகிராம்வரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம், மாத்திரை கொடுப்பதும் சத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதைக் காட்டும்.

இந்த இரு உலகங்களையும் தன் உடம்பிலேயே இணைக்கும் பெண்களும் இங்கு இருக்கிறார்கள். நாவலப்பிட்டியிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பல பெண்கள் வீட்டுவேலைக்காக வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். கல்சியம் குறைந்த சாப்பாட்டில் வளர்ந்த எலும்போடு, வெயில் படாத வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழப் போகிறார்கள். எஜமானி காரில் ஏறி வெளியே போகலாம். வேலைக்காரிக்கு அந்த விடுதலையும் இல்லாத வீடுகள் உண்டு. போகுமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனை தொற்றுநோயையும் கர்ப்பத்தையும் தேடுகிறதே தவிர, அவள் எலும்பையோ சத்தையோ கேட்பதில்லை. அது எஜமானரைக் காப்பதற்கான பரிசோதனை. போகுமுன் நடக்கும் பயிற்சியில், கிடைக்கும் தயிரையும் பாலையும் தவறாமல் சாப்பிடு, மொட்டைமாடியில் துணி காயப்போடும் வேலையைப் பகலில் வைத்துக்கொள், திரும்பி வந்ததும் கிளினிக்கில் காட்டு என்று மூன்று வரி சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. நாற்பது வயதில் திரும்பி வரும் பெண்ணுக்கு, மாதவிடாய் நிற்பதற்குமுன் சில ஆண்டுகள்தான் மீதமிருக்கும்.

இவ்வளவும் சொன்னபின் எழும் முதல் மறுப்பு நியாயமானது. பால் ஆறாய் ஓடும் நோர்வேயிலும் சுவீடனிலும்தான் இடுப்பு முறிவு உலகிலேயே அதிகம். பால் குறைவாகக் குடித்த ஆசிய நாடுகளில் குறைவு. அப்படியானால் கல்சியக் கணக்கு எதற்கு? ஒரு நாட்டையும் இன்னொரு நாட்டையும் ஒப்பிடும்போது எலும்பு மட்டும் மாறுவதில்லை. வட ஐரோப்பியர் உயரமானவர்கள், அவர்களுடைய தொடையெலும்பின் கழுத்து நீளம், பனியில் வழுக்கி விழுகிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக எண்பது தொண்ணூறு வயதுவரை வாழ்கிறார்கள். இடுப்பு முறிவு பெரும்பாலும் எழுபத்தைந்துக்குமேல் வரும் நோய். நம் பாட்டிமார் பலர் அந்த வயதை எட்டவில்லை. எட்டியவர்கள் விழுந்தபோது முறிவு என்று எழுதாமல் வயதாகிவிட்டது என்று படுக்க வைத்தோம். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பகுதி வலி பெரிதாகத் தெரியாமலே நடந்து, உயரம் குறைவதாகவும் முதுகு வளைவதாகவும் மட்டுமே வெளியே தெரிபவை. இன்று இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் எண்பதை நெருங்குகிறது. தெற்காசியாவில் வேகமாக முதுமையடையும் நாடு இது. பாட்டிக்கு வராதது பேத்திக்கும் வராது என்று இருப்பது, ஆயுள் கூடியதைக் கவனியாமல் பழைய கணக்கையே எழுதுவதாகும்.

இரண்டாவது மறுப்பு மருத்துவ ஆய்விலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் பல்லாயிரம் பேரிடம் நடந்து 2022 இல் வெளியான பெரிய சோதனையில், விற்றமின் டி மாத்திரை எலும்பு முறிவைக் குறைக்கவில்லை. உண்மைதான். ஆனால் அதில் பங்கேற்றோர் பெரும்பாலும் குறைபாடில்லாதவர்கள். நிரம்பிய குடத்தில் இன்னும் ஊற்றினால் வழியும். குறையுள்ளோரிடம் நடந்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. பிரான்ஸில் முதியோர் இல்லங்களில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கல்சியமும் விற்றமின் டியும் சேர்த்துக் கொடுத்த, 1992 இல் வெளியான சோதனையில், மருந்தை முழுக்க எடுத்தவர்களிடம் இடுப்பு முறிவு 43 வீதம் குறைந்தது. மாத்திரையே இல்லாமல், வெறும் சாப்பாட்டை மாற்றிப் பார்த்த சோதனையும் உண்டு. அவுஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் பாதியில் பால், தயிர், சீஸ் கூட்டிக் கொடுத்தார்கள். நாளுக்கு 700 மில்லிகிராமாக இருந்த கல்சியம் 1100 ஐத் தாண்டியது. 2021 இல் வெளியான முடிவின்படி எலும்பு முறிவுகள் 33 வீதமும் இடுப்பு முறிவுகள் 46 வீதமும் குறைந்தன. சராசரி வயது 86. அந்த வயதிலும் சாப்பாடு இவ்வளவு செய்யுமென்றால், பன்னிரண்டு வயதில் என்ன செய்யும்?

மூன்றாவது, ‘பால் இல்லாவிட்டால் என்ன, குரக்கனும் கீரையும் இருக்கின்றனவே, சாப்பிடச் சொல்லிக்கொடுத்தால் போதுமே’ என்பது. பொருள் சரி. குரக்கன் மா 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு. கோதுமை மாவைவிடப் பத்து மடங்குக்கு மேல். முள்ளோடு மென்று தின்னும் நெத்தலிக் கருவாடு ஒரு பிடி, ஒரு குவளைப் பாலுக்குக் குறைந்ததல்ல. உப்பைக் கழுவிவிட வேண்டும். டின் மீனின் மெத்தென்ற முள்ளை வீசாமல் தின்றால் கல்சியமும், மீனிலிருந்து விற்றமின் டியும் சேர்ந்தே கிடைக்கும். முருங்கையிலை, அகத்தி, எள்ளு எல்லாம் நல்லவை. வெற்றிலையோடு போடும் சுண்ணாம்பும் கல்சியந்தானே என்று கேட்போருக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும்: கூடவே போகும் பாக்கு வாய்ப் புற்றுநோயைத் தருவது என்று நிறுவப்பட்டது, அந்த வழியில் வரும் கல்சியம் வேண்டாம். ஆனால் அறிவுரைக்கு ஓர் எல்லை உண்டு. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மலைக்குப் போகும் பெண் ரொட்டி சுடுவது அறியாமையால் அல்ல; அது மலிவு, விரைவாக ஆகும், மலையில் கொண்டுபோய்த் தின்னலாம். கீரைப்பாத்தி போட நிலம் லயத்தைச் சுற்றி எல்லோருக்கும் இல்லை. குழம்பிலுள்ள மீன் துண்டு முதலில் கணவனுக்கும் பிள்ளைக்கும் போகிறது. இதையெல்லாம் மாற்றாமல் சத்துணவுப் பட்டியலை மட்டும் கையில் கொடுப்பது, பாரத்தை மீண்டும் அவள் தலையிலேயே ஏற்றுவது.

ஆகவே செய்ய வேண்டியது, அவள் இன்று போகும் வழியிலேயே சத்தைக் கொண்டுவந்து வைப்பது. பிரித்தானியா இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளைக் கோதுமை மாவில் கல்சியம் கார்பனேற் சேர்க்கத் தொடங்கியது; 100 கிராமுக்கு 235 மில்லிகிராமுக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும் என்று அங்கே 1998 இன் விதிகள் வகுத்தன. அதன்படி கால் கிலோ மாவில் ஏறத்தாழ 230 மில்லிகிராம் கல்சியம் கூடுதலாகக் கிடைக்கும். தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த நாட்டவர் நட்ட தேயிலையைப் பறிப்பவளின் ரொட்டிக்கு அந்த உரிமை ஏன் கூடாது? இலங்கைக்கு வேண்டிய மாவைப் பெரும்பாலும் திருகோணமலையிலும் கொழும்பிலுமுள்ள இரண்டு பெரிய ஆலைகள் அரைக்கின்றன. இரண்டு இடத்தில் சேர்த்தால் ஆயிரக்கணக்கான அடுப்படிகளுக்குப் போய்ச் சேரும். சத்துக்குறையை மாவைக் கொண்டே தீர்ப்பதா, நீரிழிவு பெருகும் நாட்டில் கோதுமைக்கு மரியாதை கூட்டுவதா என்ற கவலை நியாயம். குரக்கனுக்கும் அரிசிக்கும் மக்கள் திரும்பும் நாள் வரட்டும். அதுவரை தின்னும் ரொட்டி வெறும் ரொட்டியாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். பாடசாலை உணவு பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பெண்பிள்ளையின் எலும்பு வேகமாகக் கனக்கத் தொடங்குவது ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பில். சத்து மிக வேண்டிய வாசலில் கொண்டுபோய்விட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். தோட்டத்து மாடு கறக்கும் பாலில் ஒரு பங்கை நியாய விலைக்கு வாங்கி, அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கொரு குவளை கொடுத்தால், பால் காசும் வீட்டுக்கு வரும், பாலும் வீட்டுப் பிள்ளைக்கு வரும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தயிர் இருக்கிறது. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்காக 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் புற்றுநோயையும் தேடுகின்றன. அங்கேயே உயரத்தை அளந்து அட்டையில் எழுதி வந்தால் போதும், நான்கு சென்ரிமீற்றர் குறைந்தவளின் முதுகெலும்பைச் சந்தேகிக்கலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் விலையுயர்ந்த டெக்ஸா ஸ்கேன் இல்லாமலே, வயது, எடை, பழைய முறிவு, தாய் தகப்பனின் இடுப்பு முறிவு முதலியவற்றைக் கேட்டு ஆபத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற கணக்கு முறைக்கு இலங்கைக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. மருத்துவமாதுவின் கையிலுள்ள கைப்பேசியே அதற்குப் போதும்.

நாடே கடனில் இருக்கும்போது இதற்குக் காசு எங்கே என்பது கடைசி மறுப்பு. இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துபோவதை உலகின் பல நாடுகளின் கணக்குகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களில் பலர் பிறர் துணையின்றி மீண்டும் நடப்பதில்லை. அந்த அறுவைச் சிகிச்சையின் செலவும், தாயைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் மகளின் கூலியும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தனியாக எழுதப்படுவதில்லை. அதனாலேயே அது செலவில்லை என்றாகிவிடாது. சுண்ணாம்புக்கல்லிலிருந்து எடுக்கும் கல்சியம் கார்பனேற் உலகிலேயே மலிவான சத்துக்களில் ஒன்று. அரபு நாடுகள் பணமிருந்தும் இந்தக் கணக்கைப் பார்க்கத் தாமதித்தன. பின்னால் மாவிலும் பாலிலும் விற்றமின் டி சேர்க்கும் முயற்சிகளில் இறங்கின. நமக்கு அவர்களுடைய பணம் இல்லை, ஆனால் அவர்கள் பிந்திக் கற்ற பாடம் முன்னால் இருக்கிறது. நகரத்துப் பெண்ணுக்கு வெயிலோ விற்றமின் டியோ, தோட்டத்துப் பெண்ணுக்குக் கல்சியம், வெளிநாடு போய்வந்தவளுக்கு இரண்டும் என்று, யாருக்கு எது எட்டவில்லையோ அதை எட்டவைப்பதே வேலை. அந்த வேலையை அறுபது வயதுக்காரியின் வலிமருந்துச் சீட்டிலிருந்து தொடங்கினால் தோற்போம். ஆறாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளையின் தட்டிலிருந்து தொடங்க வேண்டும். அவளுடைய எலும்பு நமது வரவு செலவுத் திட்டங்களுக்காகக் காத்திருந்து வளர்வதில்லை.